எப்போது நடுங்கவில்லை?



எங்கள் வீட்டுக் கெப்பின் நடுக்கத்தைப் பற்றி மூன்று மாதமாக ஊரில் பலரும் விசாரித்துவிட்டீர்கள். ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடும்போதும், தேநீர்க் கடையிலும், பாடசாலை வாசலிலும் ஒரே கேள்வி: "என்ன சேர், நடுக்கம் போயிட்டா?" அல்ஹம்துலில்லாஹ், போய்விட்டது. எப்படிப் போனது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட, ஒரே தடவையில் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பழைய கெப், ஜீப் வைத்திருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள். தேவையில்லாத ஒரு செலவையாவது இது மிச்சப்படுத்தலாம்.

முதலில் ஒரு விடயம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் 2022 நெருக்கடியும் வந்தது. சாமான் விலை எங்கேயோ போனது. இன்று புதிய கெப் வாங்குவது எங்களைப் போன்ற குடும்பங்களுக்குக் கனவு. அதனால் இந்தப் பக்கத்தில் வயல் செய்யும் அநேகம் பேர் முப்பது வருடப் பழைய வண்டிகளைத்தான் தட்டித் தடவி ஓட்டுகிறோம். பழைய வண்டியில் ஒரு கோளாறு வந்தால் அதை எப்படித் தேடுவது என்பது எங்கள் சந்தைச் செலவோடு சம்பந்தப்பட்ட விடயம்.

எங்களுடையது தொண்ணூறுகளில் வந்த டீசல் டபள் கெப். நான்கு சில்லும் இழுக்கும் வகை. வண்டி காக்காவின் பெயரில். விதை நெல், உரம், கூலிக்காரர், அறுவடை மூட்டை எல்லாம் அதில்தான். மாரியில் வட்டைக்குப் போகும் பாதை சேறாகிவிடும். அப்போது நாலு சில்லும் இழுக்காவிட்டால் வாடி வரைக்கும் போக முடியாது.

அதே கெப்பில்தான் உம்மாவை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக் கொண்டு போகிறோம். உம்மாவுக்கு முள்ளந்தண்டில் சத்திர சிகிச்சை செய்தது. பஸ்ஸில் ஏறி இறங்க முடியாது. கல்முனை தாண்டி கார்பட் ரோட்டில் வண்டி அறுபதைத் தாண்டியதும் தரை நடுங்கத் தொடங்கும். எழுபதில் சீற் முழுக்க ஒரு ரீங்காரம். இளம் ஆளுக்கு அது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். முதுகில் தையல் போட்ட ஆளுக்கு அது வேறு. உம்மா ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொடுத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் வருவா. ஒரு நாள் வீட்டுக்கு வந்து இறங்கியதும் சொன்னா: "இனி கிளினிக்கு வேணாம் மனே. மருந்த மட்டும் ஆரிட்டயாவது சொல்லி எடுங்க." அதற்கடுத்த திகதிக்கு உண்மையிலேயே போகவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த நடுக்கத்தைப் பிடித்தே ஆக வேண்டும் என்றானது.

காக்கா சும்மா இருக்கவில்லை. வீல் பெலன்ஸ் செய்தார். எலைன்மென்ட் செய்தார். ஒரு கராஜில் எஞ்சின் மவுன்டிங் போயிட்டு என்றார்கள், மாற்றினார். இன்னோர் இடத்தில் "நாலு டயரையும் கழட்டிப் போட்டாத்தான் சரி வரும்" என்றார்கள். நான்கு டயரின் விலையைக் கேட்டால் இரண்டு இலட்சத்துக்கு மேல். டயர்கள் இன்னும் ஒரு வருடம் ஓடக்கூடிய நிலையில் இருந்தன. காக்கா சிறுபோகத்துக்கு வைத்திருந்த காசை எடுப்போமா என்று யோசிக்கும் நேரம் நான் சொன்னேன்: "காக்கா, ஒரு கிழம தாங்க. ஒண்டும் வாங்காம, அளந்து மட்டும் பாப்பம்."

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். மெக்கானிக் இல்லை. கெப்பின் கீழே படுத்து ஒரு நட்டைக் கழற்றவும் எனக்குத் தைரியம் போதாது. ஆனால் ஒன்றைத் தேடும்போது சந்தேக நபர்களை ஒவ்வொருவராக விடுதலை செய்யும் முறை எங்கள் தொழிலில் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும், நடந்ததை எழுத வேண்டும். ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்துக்கொண்டு காக்காவின் பக்கத்தில் ஏறினேன். விடியற்காலையில், ரோட் வெறுமையாக இருக்கும் நேரம்.

முதல் கேள்வி: நடுக்கம் எங்கே தெரிகிறது? ஸ்டியரிங்கில் தெரிந்தால் பெரும்பாலும் முன் சில்லுகள். சீற்றிலும் தரையிலும் தெரிந்தால் பின் சில்லுகள், அல்லது எஞ்சினிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டு போகும் புரொப்பெலர் சாஃப்ட் பக்கம். எங்கள் வண்டியில் ஸ்டியரிங் அமைதி. சீற்றும் தரையும்தான் நடுங்கின. பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் அது பிரேக் டிஸ்க், டிரம் கதை. எங்களுடையது அதுவுமில்லை.

இரண்டாவது கேள்வி: எஞ்சினா, ஓட்டமா? வண்டியை நிறுத்திவைத்து எஞ்சினை வேகப்படுத்திப் பார்த்தோம். நடுக்கம் இல்லை. பிறகு எழுபதில் ஓடும்போது காக்கா கியரை நியூட்ரலுக்கு எடுத்தார். எஞ்சின் சும்மா ஓடுகிறது, வண்டி உருண்டு போகிறது. நடுக்கம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் போகவில்லை. ஆகவே எஞ்சின், கிளச், மவுன்டிங் எல்லாம் விடுதலை. (இதைச் செய்பவர்கள் ஒருபோதும் எஞ்சினை நிறுத்திவிட வேண்டாம். பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். நீளமான, நேரான, ஆளில்லாத ரோட்டில் மட்டும் செய்யுங்கள்.)

மூன்றாவது கேள்வி நாலு சில்லு இழுக்கும் வண்டிக்கே உரியது. இதில் சாஃப்ட் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று பின்னுக்குப் போகிறது, மற்றது முன்னுக்கு. முன் சில்லின் ஃப்ரீ ஹப்பை லொக் பண்ணி விட்டிருந்தால், லீவர் டூ எச்சில் இருந்தாலும் முன் சாஃப்ட் சும்மா சுற்றிக்கொண்டேயிருக்கும். அதில் கோளாறு இருந்தால் அதுவும் நடுக்கும். ஹப் இரண்டையும் ஃப்ரீ ஆக்கிவிட்டு ஓடினோம். நடுக்கத்தில் ஒரு மாற்றமும் இல்லை. முன் சாஃப்டும் விடுதலை.

இந்த இடத்தில் எங்கள் வயல்காரருக்கு ஒரு சொல். வட்டையிலிருந்து வந்து ஃபோர் வீலை எடுக்காமலே கார்பட் ரோட்டில் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். வளைவில் முன் சில்லுகள் பின் சில்லுகளை விடக் கூடிய தூரம் ஓடும். எங்களுடையதைப் போன்ற பழைய கெப்களில் அந்த வித்தியாசத்தை ஏற்கும் நடு டிஃபரன்ஷியல் இல்லை. சேற்றில் சில்லு சறுக்கிச் சமாளித்துவிடும். காய்ந்த ரோட்டில் சறுக்க இடமில்லாமல் கியர்களும் சாஃப்டும் முறுகும். வண்டி திமிறும், டயர் தேயும், ஒரு நாள் பெரிய செலவு வரும். ரோட்டுக்கு ஏறியதும் லீவரைத் தட்டிவிடுங்கள்.

இப்போது மிஞ்சியது பின் சில்லுகளும் பின் சாஃப்டும். இரண்டும் சுற்றுகின்றன, ஆனால் ஒரே வேகத்தில் இல்லை. அதுதான் பிடி. தரம் 11 பிள்ளைகளுக்கு மீடிறன் என்று படிப்பிக்கிறோமே, ஒரு செக்கனுக்கு எத்தனை தடவை என்று, அதை வைத்தே யார் நடுக்குகிறார்கள் என்று சொல்லலாம்.

வீட்டுக்கு முன்னால் சமதரையில் பின் சில்லில் சோக்கால் ஒரு கோடு, சாஃப்டில் ஒரு கோடு போட்டோம். நியூட்ரலில் வண்டியைக் கையால் தள்ளினோம். காக்காவின் மகன் ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தான். சில்லு 10 சுற்றுச் சுற்ற வண்டி போன தூரம் 24 மீற்றர். வீடியோவில் எண்ணினால் சாஃப்ட் அதே நேரத்தில் 41 சுற்று. அதாவது சில்லு ஒரு தடவை சுற்ற சாஃப்ட் 4.1 தடவை சுற்றுகிறது.

மிச்சம் கணக்கு. மணிக்கு 70 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு 19.4 மீற்றர். சில்லின் ஒரு சுற்று 2.4 மீற்றர். ஆகவே சில்லு செக்கனுக்கு ஏறத்தாழ 8 சுற்று. சாஃப்ட் அதன் 4.1 மடங்கு, 33 சுற்று. சாஃப்டை வளைவாக இணைக்கும் யுனிவர்சல் ஜொயின்ட் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை உதைக்கும், அது 66. கொப்பியில் மூன்று எண்களை எழுதி வட்டம் போட்டேன்: 8, 33, 66. டயரோ ரிம்மோ பிழை என்றால் 8 அல்லது அதன் மடங்கு. சாஃப்ட் கோணல் அல்லது பெலன்ஸ் இல்லை என்றால் 33. ஜொயின்ட் பக்கம் என்றால் 66.

அளப்பதற்கு ஃபோனே போதும். ஃபைஃபொக்ஸ் என்று ஒரு இலவச செயலி. ஜேர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் செய்தது. ஃபோனுக்குள் இருக்கும் உணரிகளை ஆய்வுகூடக் கருவியாக மாற்றித் தரும். நான் வகுப்பில் ஊசல் பாடத்துக்குப் பாவிப்பது. அதில் ஆர்முடுகலின் மீடிறனைப் பிரித்துக் காட்டும் பகுதி ஒன்று உண்டு. ஃபோனைக் கெப்பின் தரையில் இரண்டு பக்க ஒட்டு நாடாவால் இறுக்கி ஒட்டினோம். எழுபதில் நிதானமாக ஓடினோம். என் ஃபோன் செக்கனுக்கு 400 தடவை அளக்கிறது, ஆகவே 66 அதற்குப் பெரிய விடயமில்லை. (செக்கனுக்கு 100 தடவை மட்டும் அளக்கும் ஃபோன் என்றால் 50க்கு மேலே உள்ளதைச் சரியாகக் காட்டாது. வேகத்தைக் குறைத்து அளக்க வேண்டும்.)

திரையில் 8இல் சின்ன மேடு. 33இல் அதைவிடச் சின்னது. 66இல் பனை மாதிரி ஒரு கோடு எழும்பி நின்றது.

இரண்டு இலட்சம் ரூபா டயர் அந்த இடத்தில் விடுதலையானது. காக்கா திரையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. வண்டியை ஓரமாக்கி நிறுத்தி, பிளாஸ்கிலிருந்து எனக்கு ஒரு தேநீர் ஊற்றித் தந்தார்.

ஆனால் கதை முடியவில்லை. எங்கள் பாஸ் வயதான மனிதர், நாற்பது வருடம் இந்தத் தொழிலில் இருப்பவர். அவர் கீழே படுத்து சாஃப்டை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பார்த்தார். "சேர், கிரொஸ் ரெண்டும் புதுசு மாதிரி இரிக்கி. ஒரு நூலும் ஆட்டமில்ல. சென்டர் பெயாரிங்கும் நல்லம். இத மாத்துங்க எண்டு சொல்லி உங்கட காச எடுக்க எனக்கு ஏலா." ஃபோன் ஜொயின்ட் என்கிறது. ஜொயின்ட்டில் பிழையில்லை என்கிறார் பாஸ். இரண்டு பேரும் உண்மைதான் பேசினார்கள்.

கல்வியியல் கல்லூரியில் கற்பித்தல் பயிற்சிக்கு எங்களை அனுப்பும்போது விரிவுரையாளர் ஒருவர் ஒரு விடயம் சொல்லித் தந்தார். வகுப்பைக் குழப்பும் பிள்ளையை அவதானிக்கச் சொன்னால் எல்லோரும் அவன் குழப்பும் நேரங்களைத்தான் எழுதிக்கொண்டு வருவீர்கள். அவன் குழப்பாத நேரங்களையும் எழுதுங்கள், காரணம் அங்கேதான் இருக்கும் என்றார். அது அப்போதிலிருந்து என் மனதில் இருக்கிறது. கணிதப் பாடத்தில் துள்ளும் ஒரு பிள்ளை சித்திரப் பாடத்தில் அமைதி என்றால், பிள்ளையின் குணத்தில் பிழை தேட வேண்டியதில்லை. முன் வாங்கில் இருந்தால் அமைதி, பின் வாங்கில் இருந்தால் துள்ளல் என்றால், முதலில் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும்.

கெப்புக்கும் அதையே செய்தேன். அதில் ஏறும் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன். எப்போது நடுங்குகிறது என்று இல்லை. எப்போது நடுங்கவில்லை? காக்கா "எப்பயும்தான்" என்றார். காக்காவின் மகன் மெதுவாகப் போனால் இல்லை என்றான். வயலில் வேலை செய்யும் தம்பி யோசித்துவிட்டுத் தெரியாது என்றான்.

உம்மா கிணற்றடியில் கதிரையில் இருந்தா. கேட்டதும் உடனே சொன்னா: "நெல்லு மூட்ட ஏத்திட்டு மில்லுக்குப் போய், அங்கால ராத்தாட ஊட்ட என்ன உட்டீங்களே, அண்டைக்கி நடுங்கல்லயே மனே. நான் நித்திரயும் கொண்டுட்டன்."

வண்டி ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்க்கிறார். பாஸ் பாகத்தைப் பார்க்கிறார். நான் ஃபோனைப் பார்க்கிறேன். ஒவ்வொரு நடுக்கத்தையும் முதுகால் எண்ணிக்கொண்டு வந்த ஆள் உம்மா. அவவுக்கு எந்த நாள் வலிக்கவில்லை என்பது நன்றாக நினைவிருந்தது.

அன்று பின்னேரமே பத்து மூட்டை ஏற்றினோம். அறுநூற்று ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். அதே ரோட், அதே எழுபது, அதே இடத்தில் ஃபோன். 66இல் இருந்த பனை, புல் அளவுக்கு இறங்கிவிட்டது. சீற் அமைதி. மூட்டையை இறக்கிவிட்டு ஓடினோம். பனை மறுபடி எழும்பியது.

பாரம் ஏற்றினால் வண்டியில் என்ன மாறும்? பின்பக்கம் தாழும். பின்பக்கம் தாழ்ந்தால் சாஃப்டின் சரிவு மாறும். பாஸிடம் இதைச் சொன்னதும் அவர் எழும்பி நின்றார். "சேர், காக்கா போன போகத்துக்கு முன்னால லீஃப் போட்டாரே!"

ஆம். பெரும்போக அறுவடைக்கு முன்னர் காக்கா பின் ஸ்பிரிங்கில் ஒரு லீஃப் கூடுதலாகச் சேர்த்திருந்தார். பாரத்தில் வண்டி அமிழ்ந்து, அடிப்பக்கம் வரம்பில் அடிபடுகிறது என்று பின் ஷெக்கலையும் நீளமானதாக மாற்றியிருந்தார். நல்ல நோக்கம், நல்ல வேலை. ஆனால் அறுவடை நேரம் வண்டி எப்போதும் பாரத்தோடுதான் ஓடியது. அறுவடை முடிந்து வெறும் வண்டியாக ஓடத் தொடங்கிய பிறகே நடுக்கம் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் இரண்டு மாதம். அதனால் யாருக்கும் இரண்டையும் தொடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

இதன் பின்னால் உள்ள விஞ்ஞானத்தை எளிமையாகச் சொல்கிறேன். யுனிவர்சல் ஜொயின்ட் பழைய கண்டுபிடிப்பு. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியர் கார்டானோவின் பெயராலும், பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ஹூக்கின் பெயராலும் அதை அழைப்பார்கள். ஸ்பிரிங் இழுவைக்கு விதி சொன்னாரே, அதே ஹூக்தான். வளைந்த இணைப்பு வழியாகச் சுழற்சியைக் கடத்துவது அதன் வேலை. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. வளைந்து சுற்றும்போது, உள்ளே வரும் சுழற்சி ஒரே சீராக இருந்தாலும் வெளியே போகும் சுழற்சி ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை கொஞ்சம் வேகமாகி, இரண்டு தடவை கொஞ்சம் மெதுவாகும். வளைவு 6 பாகை என்றால் இந்த ஏற்ற இறக்கம் நூற்றுக்கு அரைப்பங்கு அளவு. சின்ன எண்தான். ஆனால் செக்கனுக்கு 66 தடவை, சில நூறு கிலோ இரும்பை அப்படி இழுத்துத் தள்ளினால் தரை ரீங்காரமிடும்.

அப்படியென்றால் எல்லா வண்டியும் நடுங்க வேண்டுமே? இல்லை. சாஃப்டின் ஒரு முனையில் ஒரு ஜொயின்ட், மறு முனையில் இன்னொன்று. இரண்டின் வளைவும் சமமாக இருந்தால், முதலாவது செய்யும் குழப்பத்தை இரண்டாவது அப்படியே எதிராகச் செய்து அழித்துவிடும். தராசின் இரண்டு தட்டு மாதிரி. வளைவுகள் சமமில்லாவிட்டால் மிச்சம் நிற்கும் குழப்பம்தான் நடுக்கம். ஜொயின்ட் புதிதாக இருந்தாலும் இது நடக்கும். பாகத்தில் பிழை இல்லை. நிற்கும் கோணத்தில்தான் பிழை. அதனால்தான் ஃபோனும் பாஸும் இரண்டு பேரும் சரி.

அளந்தோம். வண்டியைச் சமதரையில் நான்கு சில்லிலும் நிற்கவைத்து, சில்லுகளுக்கு அடைகல் கொடுத்து, பாஸ் கீழே போனார். ஃபோனில் உள்ள மட்டம் பார்க்கும் வசதியால் ஒவ்வொரு துண்டின் சரிவையும் வாசித்தார், நான் எழுதினேன். எங்கள் கெப்பில் சாஃப்ட் இரண்டு துண்டு, நடுவில் சென்டர் பெயாரிங். முன் துண்டின் சரிவு 3 பாகை. பின் துண்டு 9 பாகை. டிஃபரன்ஷியலின் மூக்கு 5.5 பாகை. ஆகவே நடு ஜொயின்ட்டில் வளைவு 9இல் 3 போக, 6. பின் ஜொயின்ட்டில் 9இல் 5.5 போக, 3.5. ஆறும் மூன்றரையும் ஒன்றையொன்று எப்படி அழிக்கும்?

பாரம் ஏற்றினால் பின் துண்டின் சரிவு ஏறத்தாழ 5க்கு வந்துவிடுகிறது. அப்போது வளைவு ஒன்றில் 2, மற்றதில் அரை. சமமில்லைதான், ஆனால் இரண்டும் மிகச் சின்னது. குழப்பம் வளைவின் வர்க்கத்தோடு கூடிக் குறைவது, ஆகவே அந்த அளவில் உம்மாவால் நித்திரை கொள்ள முடிகிறது.

இனி என்ன செய்வது? பாஸின் யோசனை, லீஃபைக் கழற்றிப் பழைய ஷெக்கலைப் போடுவது. நேர்மையான யோசனை. ஆனால் காக்காவின் முகம் மாறியது. "அப்ப அடுத்த போகத்துக்கு மூட்டய தலயிலயா தூக்குற?" அது அவருடைய பிழைப்பு. உம்மாவின் முதுகுக்காக அவருடைய அறுவடையைக் குறைப்பதும், அறுவடைக்காக உம்மாவின் முதுகை விடுவதும் ஒரு வீட்டில் சரி வராது.

மூக்கு 5.5இல் நிற்பதால்தான் பிரச்சினை. அதை 3க்குத் தாழ்த்தினால் முன் துண்டோடு சமாந்தரமாகிவிடும். பின் ஜொயின்ட்டிலும் 6, நடு ஜொயின்ட்டிலும் 6. அதற்கு வேண்டியது ஒரு ஆப்பு. ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் 2.5 பாகைச் சரிவுள்ள இரண்டு இரும்புத் துண்டு, தடித்த பக்கம் முன்னுக்கு. லேத் பட்டறையில் இரும்பிலேயே கடைந்து எடுத்தோம். அலுமினியம் மலிவு, ஆனால் பாரத்தில் நசிந்தும் வெடித்தும் போகும் என்று பாஸ் வேண்டாம் என்றுவிட்டார். நடு போல்ட்டின் தலை உட்காரச் சரியான ஓட்டை, கொஞ்சம் நீளமான யூ போல்ட். பட்டறைக்கும் பாஸுக்கும் சேர்த்துப் பதினையாயிரத்துக்குள் முடிந்தது. ஒரு கிழமை ஓடிய பிறகு யூ போல்ட்டை மறுபடி இறுக்கினோம். அதை மறக்கக் கூடாது. புதிதாகப் போட்ட ஆப்பு கொஞ்சம் அமரும், போல்ட் தளரும்.

வெறும் வண்டியாக, அதே ரோட்டில், எழுபதில் ஓடிப் பார்த்தோம். 66இல் ஒரு சின்ன மேடு. அவ்வளவுதான். பத்து மூட்டையோடும் ஓடிப் பார்த்தோம், அதுவும் நல்லம்.

போன கிழமை உம்மா கிளினிக் போய் வந்தா. விடுபட்ட திகதிக்கு டொக்டர் கொஞ்சம் ஏசினார். மருந்தில் ஒன்றைக் கூட்டினார். போகும் வழி நெடுக உம்மா அயல் வீட்டுக் கலியாணப் பேச்சைப் பற்றிக் கதைத்துக்கொண்டே வந்தா. கை இரண்டும் மடியில் இருந்தன.

உங்கள் வண்டி நடுங்கினால் கராஜுக்குப் போகமுன் ஒரு துண்டில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள். எந்த வேகத்தில் தொடங்குகிறது, எந்த வேகத்தில் கூடுகிறது. ஸ்டியரிங்கிலா, சீற்றிலா. நியூட்ரலில் போகிறதா, நிற்கிறதா. பாரத்தோடு எப்படி, வெறுமையாக எப்படி. ஹப் லொக்கில் இருந்ததா. கடைசி ஆறு மாதத்தில் வண்டியில் என்னவெல்லாம் மாற்றினீர்கள்: டயர் சைஸ், லீஃப், ஷெக்கல், கிளச், எதுவானாலும். நல்ல பாஸுக்கு இந்தத் துண்டு பாதி வேலை. நல்ல பாஸாக இல்லாவிட்டாலும், தேவையில்லாத சாமானை உங்கள் தலையில் கட்டுவதற்கு அவர் கொஞ்சம் யோசிப்பார்.

ஒரு எச்சரிக்கை. ஜாக்கை மட்டும் நம்பி யாரும் வண்டிக்குக் கீழே போக வேண்டாம். கீழே ஆள் இருக்கும்போது எஞ்சினை ஓட விட வேண்டாம். சாஃப்ட் சுற்றும்போது சாரம், சட்டை நுனி, சால்வை எதுவும் கிட்டப் போகக் கூடாது. எங்கள் அளவு வேலைகள் எல்லாம் நின்ற வண்டியில், அணைத்த எஞ்சினில் செய்தவை.

நடுக்கம் எதுவானாலும் 66 என்றோ ஆப்பு என்றோ இதை வாசித்துவிட்டு முடிவெடுக்க வேண்டாம். உங்கள் வண்டிக்கு உங்கள் எண்கள் வேறு. சில்லைத் தள்ளி எண்ணிப் பாருங்கள், கணக்கு விளங்காவிட்டால் பாடசாலை விட்ட பிறகு என்னிடம் வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். அதற்கு முன் வீட்டில், அந்த வண்டியில் அதிகம் கஷ்டப்படுகிற ஆளிடம் போய்க் கேளுங்கள்: எந்த நாள் நடுங்கவில்லை?